காப்பாளர் யார்?

(இளம் அறிவியல், வேதியியல், இரண்டாம் ஆண்டு மாணவி)

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஓராண்டு பஞ்சாலையில் வேலை பார்த்த பின்பு, சென்ற ஆண்டுதான் நான் இக்கல்லூரியில் சேர்ந்தேன். விண்ணப்பப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் "பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம்" என்று அச்சிட்டிருந்த இடத்தைக் காட்டி, "இதிலே கையெழுத்துப் போடுங்கப்பா" என்றேன். என் தந்தையார் எழுத்துக் கூட்டிப் படித்தார். "பாதுகாவலர்னு போட்டிருக்கே, அது யாரு தாயி?" என்று கேட்டார். "பிள்ளையப் பார்த்துக்கிடுற பெரியவங்க" என்றேன். "அப்போ காவல்காரன்தான்" என்று சொல்லிக்கொண்டே, தம் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுதி முடித்தார்.

அதே படிவத்தின் முதற்பக்கத்தில் "தந்தையின் தொழில்" என்று ஒரு கட்டம் இருந்தது. என் தந்தையார் தோப்புக் காவல்காரர். நானோ அந்தக் கட்டத்தில் "விவசாயக் கூலி" என்று எழுதினேன். காவல்காரன் மகள் என்று யாரேனும் சிரிப்பார்களோ என்ற கூச்சம்தான் காரணம். அன்று அவர் கேட்ட கேள்வியும் நான் எழுதிய பொய்யும் ஓராண்டாக என் மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கின்றன. காப்பாளர் என்பவர் யார்? அவருடைய கடமை என்ன? அந்தப் பெயருக்கு உரியவரை நாம் சரியாகத்தான் அடையாளம் காண்கிறோமா? இவற்றைப் பற்றி எனக்குத் தோன்றியவற்றைப் பேராசிரியப் பெருமக்கள் முன்பும் மாணவ நண்பர்கள் முன்பும் வைக்க விரும்புகிறேன்.

ஒரு வேர், பல கிளைகள்

'கா' என்பது தமிழில் ஓரெழுத்தொரு மொழி. அதற்குக் 'காப்பாற்று' என்பது ஒரு பொருள். 'சோலை' என்பது இன்னொரு பொருள். திருவானைக்கா என்ற ஊர்ப்பெயரில் உள்ள 'கா' சோலையைக் குறிப்பதுதான். காத்தலும் சோலையும் நம் மொழியில் ஒரே எழுத்தில் அடங்கிக் கிடப்பது எண்ணி மகிழத்தக்கது.

இந்தச் சிறு வேரிலிருந்து எத்தனை சொற்கள் கிளைத்திருக்கின்றன என்று பாருங்கள். விடுதியைப் பார்த்துக்கொள்பவர் விடுதிக் காப்பாளர். கோயில் சொத்தைப் பேணுபவர் அறங்காவலர். அருங்காட்சியகப் பொருள்களுக்குப் பொறுப்பானவர் காப்பாட்சியர். காட்டில் நாள்தோறும் சுற்றிவருபவர் வனக்காப்பாளர். பல மாவட்டக் காடுகளை மேற்பார்க்கும் உயர் அலுவலர் வனப்பாதுகாவலர். ஆங்கிலத்தில் 'கன்சர்வேட்டர்' என்ற ஒரே சொல் காட்டின் உயர் அலுவலரையும் குறிக்கிறது. பழம்பொருள்களுக்கு மருத்துவம் பார்க்கும் வல்லுநரையும் குறிக்கிறது. அமெரிக்காவின் சில மாநிலங்களில், தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாத ஒருவருக்காக நீதிமன்றம் நியமிக்கும் பொறுப்பாளருக்கும் இதே பெயர்தான். இத்தனை பேருக்கும் பொதுவானது ஒன்று உண்டு. இவர்களில் எவரும் தாம் காக்கும் பொருளுக்கு உடையவர் அல்லர். பிறருடையதை, அல்லது இனி வரப்போகிறவர்களுடையதை, இடையில் சிறிது காலம் கையில் வைத்திருப்பவர்கள் அவர்கள்.

நம் ஊர்ப் பக்கத்து அம்மன் கோயில்களில் திருவிழாவுக்கு முன்பு காப்புக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டவர் விழா முடியும் வரை விரதம் இருக்கிறார்; ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை. காப்பு என்பது முதலில் காப்பவரையே கட்டுகிறது. காத்தல் என்றவுடன் நமக்குப் பூட்டும் வேலியும் தடியும்தான் நினைவுக்கு வருகின்றன. காப்பவர் தம் கையைத் தாமே கட்டிக்கொள்ள வேண்டும் என்பது நினைவுக்கு வருவதில்லை.

முதல் வனப்பாதுகாவலர்

சென்னை மாகாணத்தில் முதன்முதலாக வனப்பாதுகாவலர் என்ற பதவியில் அமர்ந்தவர் ஹியூ கிளெக்கார்ன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். 1820-இல் சென்னையில் பிறந்த இவர் மருத்துவர். செடிகொடி நூல் வல்லவர். 1856-ஆம் ஆண்டு அவருக்கு இப்பதவி தரப்பட்டது. அதே 1856-இல்தான் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்ததில் பொருள் இருக்கிறது. தண்டவாளத்துக்கு அடியில் இடவும் எஞ்சினில் எரிக்கவும் மரம் வேண்டும். கப்பல் கட்டத் தேக்கு வேண்டும். வெட்டிக்கொண்டே போனால் நாளைக்கு மரம் இருக்காது என்ற அச்சத்தில் பிறந்த பதவி அது. கிளெக்கார்ன் காடு அழிவதைக் கண்டு உண்மையாகவே கவலைப்பட்டவர் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அரசாங்கம் காக்க நினைத்தது பெரும்பாலும் மரக்கட்டையைத்தான்.

1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காப்புக்காடு என்ற எல்லைக்கல் ஊன்றப்பட்டது. அதற்கு முன்பே அந்தக் காட்டில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த மலைமக்கள் தங்கள் இடத்திலேயே அனுமதி கேட்டு நிற்கும் நிலைக்கு ஆளானார்கள். நம் செண்பகத்தோப்பிலும் இராசபாளையத்து அய்யனார் கோயில் மலையடிவாரத்திலும் வாழும் பளியர் மக்கள் இதற்குச் சான்று. அவர்களைப் போன்றோருக்குக் காட்டின்மீது உரிமை உண்டு என்று ஏற்கும் சட்டம் 2006-இல்தான் நிறைவேறியது.

இடையில் காப்பின் பொருளும் வளர்ந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988-இல் திருவில்லிபுத்தூர் மலைப்பகுதியில் ஏறத்தாழ 480 சதுர கிலோமீட்டர் காடு, சாம்பல் நிற மலை அணிலுக்காகச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-இல் அது மேகமலையோடு சேர்ந்து தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாயிற்று. மரக்கட்டைக்காகத் தொடங்கிய காப்பு, ஓர் அணிலுக்காகவும் காடு காக்கலாம் என்ற அளவுக்கு விரிந்திருக்கிறது. இது பெருமைப்படத்தக்க வளர்ச்சியே.

களிம்பும் நோயும்

காட்டைக் காப்பவரைப் பார்த்தோம். பொருளைக் காப்பவரிடமும் கற்க வேண்டியது உண்டு. நான் வேதியியல் மாணவி ஆதலால் இந்தப் பகுதியில் சற்று உரிமையோடு பேசுகிறேன்.

வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குகிறோம். பளபளவென்று ஆகிறது. புளியிலுள்ள அமிலம் மேலே படிந்த ஆக்சைடைக் கரைத்துவிடுவதே காரணம். நாள்தோறும் புழங்கும் விளக்குக்கு அது சரி. ஆயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்து வெளிவந்த ஒரு சோழர் காலச் செப்புத் திருமேனியை அப்படி விளக்கலாமா? கூடாது. அதன்மேல் படிந்திருக்கும் பச்சையும் பழுப்புமான படலம் பெரும்பாலும் அழுக்கு அன்று. உள்ளே இருக்கும் உலோகத்தைக் காற்றும் ஈரமும் தொடாமல் மூடி நிற்கும் போர்வை அது. பளபளப்பு வேண்டும் என்று தேய்ப்பவர் அந்தப் போர்வையை உரித்துவிடுகிறார். சிற்பி செதுக்கிய மெல்லிய கோடுகளையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறார்.

ஆனால் எல்லாப் பச்சையும் நல்ல பச்சை அன்று. மண்ணிலுள்ள உப்பு உலோகத்துக்குள் புகுந்திருந்தால் செப்புக் குளோரைடு உண்டாகிறது. அது ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து வெளிர்பச்சைப் பொடியாக உதிர்கிறது. அப்போது வெளிப்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மீண்டும் செம்பைத் தின்கிறது. இந்தச் சுழற்சி நிற்பதில்லை. இதற்கு 'வெண்கல நோய்' என்றே பெயர். இரண்டு பச்சைகளுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து, ஒன்றைத் தொடாமல் விட்டு, மற்றொன்றுக்கு மட்டும் மருந்து செய்பவரே பாதுகாப்பு வல்லுநர்.

இந்தப் பணிக்காகச் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-இலேயே வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கப்பட்டது. அதன் தொடக்க கால வேதியியலாளர் எஸ். பரமசிவன். மின்பகுப்பு முறையால் செப்புத் திருமேனிகளின் உப்பு நோயைத் தீர்த்தவர் அவர். தஞ்சைப் பெரிய கோயிலின் ஓவியச் சாந்தையும் வண்ணத்தையும் ஆராய்ந்து அவை வரையப்பட்ட முறையை எடுத்துரைத்தவரும் அவரே. கொடுக்கு நீரும் மின்கலமும் நம் ஆய்வகத்திலும் இருக்கின்றன. மதிப்பெண்ணுக்காக நாம் செய்யும் மின்பகுப்பு, ஒரு திருமேனியின் உயிரைக் காக்கவும் பயன்பட்டிருக்கிறது என்பதை எண்ணும்போது பாடத்தின் மீதே தனி மதிப்பு உண்டாகிறது. மின்பகுப்பு நல்ல படலத்தையும் கரைத்துவிடக்கூடும் என்பதால் இன்று அதனை எல்லாப் பொருளுக்கும் கையாள்வதில்லை. மருந்தே நஞ்சாகிவிடக் கூடாது என்ற அந்த அச்சமும் காப்பாளரின் அறிவில் ஒரு பகுதியே.

தஞ்சை ஓவியங்களின் கதை இன்னும் வியப்பானது. கருவறையைச் சுற்றிய இருண்ட நடையின் சுவரில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்து வெளிப்படுத்தினார். கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது பின்னது. பழையதைப் பார்க்கப் பின்னதைச் சுரண்டி எறியலாமா? தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர் பிற்காலத்தில் அப்படிச் செய்யவில்லை. மேல் அடுக்கைத் தனியே பிரித்தெடுத்துப் பலகையில் பொருத்திக் காத்தார்கள். அடியில் இருந்த சோழர் ஓவியமும் வெளிப்பட்டது. எனக்குப் பிடித்த காலம் எது என்று காப்பாளர் பார்ப்பதில்லை. தமக்குப் பின் வருபவர்களுக்கு இரண்டும் வேண்டும் என்றே பார்க்கிறார்.

மீண்டும் செய்து காத்தல்

தொடாமல் காப்பது ஒரு வகை. மீண்டும் மீண்டும் செய்து காப்பது இன்னொரு வகை. நம் தட்பவெப்பத்தில் பனையோலை சில நூறு ஆண்டுகளுக்கு மேல் நிற்பது அரிது. கறையானும் இராமபாணமும் அரித்துவிடும். ஆயினும் பழந்தமிழ் நூல்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. எப்படி? ஓலை முற்றும் சிதையுமுன் யாரோ ஒருவர் உட்கார்ந்து புதிய ஓலையில் அதைப் படியெடுத்தார். பெயர் தெரியாத அந்தக் கைகள் எங்கே ஓய்ந்தனவோ அங்கே நூலும் மறைந்தது. கடைசி நேரத்தில் வந்து மிஞ்சியதை மீட்டவர் உ. வே. சாமிநாதையர். 1880 முதல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர் அவர். அதாவது நம்மைப் போன்ற ஓர் அரசுக் கல்லூரியைச் சேர்ந்தவர். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். ஓலைச்சுவடி வைத்திருந்த வீட்டு வாசல்களில் எல்லாம் அவர் போய் நின்றார். ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்து, தாம் ஏற்காத பாடவேறுபாட்டையும் மறைக்காமல் குறித்து வைத்தார். தஞ்சைச் சுவரில் இரண்டு அடுக்கையும் காத்தவர்களின் நேர்மைதான் இதுவும்.

இதற்கு நம் ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. திருவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையில் உள்ள கிளி பொன்னாலோ கல்லாலோ ஆனது அன்று. மாதுளம்பூ மூக்கும் மரவள்ளி இலை உடலுமாக அது நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுகிறது. இன்றைய கிளி நாளை வாடிவிடும். ஆயினும் கிளி அழியவில்லை. ஏனென்றால் கிளி கட்டும் கை அழியவில்லை. அதை எந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காக்க முடியும்? கற்றவர் கற்பிக்காமல் போனால் ஒரே நாளில் மறைந்துவிடும் செல்வம் அது. பெரியாழ்வாரும் இவ்வூரில் நந்தவனம் வைத்துப் பேணியவர் என்றே சொல்லப்படுகிறார். நம் ஊர் தன் பெருமையின் தொடக்கத்திலேயே ஒரு தோட்டக் காவலரை வைத்திருக்கிறது.

எங்கள் தோப்பு

இனி என் சொந்தச் செய்திக்கு வருகிறேன். என் தந்தையார் காவல் இருக்கும் தோப்பு செண்பகத்தோப்புப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறது. மாவும் புளியும் சில தென்னையும் நிற்கின்றன. சப்பட்டை மாங்காய் இறங்கும் காலத்தில் அப்பா இரவும் பகலும் அங்கேதான் இருப்பார். தோப்புக்கு உரிமையாளர் ஒருவர். காய்ப்பைக் குத்தகைக்கு எடுப்பவர் வேறொருவர். எங்களுக்கு அதில் ஒரு மரம்கூடச் சொந்தமில்லை.

அந்தத் தோப்பில்தான் சாம்பல் நிற மலை அணில் கூடு கட்டுகிறது. வீட்டு அணிலைப் பார்த்தே பழகியவர்கள் இதைக் கண்டால் வியந்துபோவார்கள். ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. உடலின் நீளத்துக்கு வாலும் நீண்டிருக்கும். உலகில் இது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. இயன்றவரை தரையில் இறங்காது. கிளைவிட்டுக் கிளை தாவியே போகும். ஆதலால் மரத்தின் உச்சிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடம் பார்த்தே கூடு கட்டுகிறது. ஆபத்து வந்தால் எந்தப் பக்கமும் ஓட வழி வேண்டும் அல்லவா? சரணாலயத்தின் எல்லைக்கல் அதற்குத் தெரியாது. காட்டில் நிற்கும் மரமும் பட்டா நிலத்துப் புளியமரமும் அதற்கு ஒன்றே.

மாங்காயைக் கடித்துப் போடுகிறது என்பதால் குத்தகைதாரர்களுக்கு அதன்மேல் கோபம். நான் சிறுமியாக இருந்தபோது ஒருமுறை, புளியமரத்திலிருந்து மாமரத்துக்கு அது கடந்துவரும் கிளையை வெட்டிவிடும்படி அப்பாவிடம் சொன்னார்கள். அப்பா வெட்டிவிட்டார். இரண்டு நாள் கழித்து, கடக்க வழியில்லாமல் தரையில் இறங்கிய அணிலை நாய் கவ்விவிட்டது. அப்பா விரட்டியும் பயனில்லை. அன்று அவர் சாப்பிடவில்லை. "நாய் கொல்லல தாயி, அந்தக் கொப்பை வெட்டின கைதான் கொன்னுச்சு" என்றார். அதற்குப் பிறகு எந்த ஆண்டும் அவர் அப்படிப்பட்ட கிளையில் அரிவாள் வைத்ததில்லை. தகரம் தட்டுவார், சத்தம் போடுவார், அவ்வளவுதான். கேட்டவர்களிடம், "நாலு காய் போனா என் கூலியில பிடிச்சுக்கிடுங்க" என்றார். உண்மையாகவே பிடித்தும் இருக்கிறார்கள்.

நான் பள்ளியில் படிக்கும்போது அணில் கூடுகளைக் கணக்கெடுக்கச் சிலர் வந்தார்கள். எது பழைய கூடு, எது இப்போது அணில் தங்கும் கூடு, எந்த மரத்திலிருந்து எந்த மரத்துக்கு அது கடக்கும் என்றெல்லாம் அப்பா காட்டினார். அவர்கள் குறித்துக்கொண்டு நன்றி சொல்லிப் போனார்கள். அவர்கள் செய்தது நல்ல பணி. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அப்பாவின் பெயரை யாரும் கேட்கவில்லை. அப்பாவும் அதை எதிர்பார்க்கவில்லை. அவர் எதிர்பார்க்கவில்லை என்பதுதான் இன்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அவரிடம் இல்லாத அறிவும் உண்டு. இந்த அணில் உலகில் வேறெங்கும் இல்லை என்று நான் கல்லூரி நூலகத்தில் படித்துவிட்டுப் போய்ச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நம்ம பத்து மரத்துக்கு அம்புட்டுப் பொறுப்பா?" என்று கேட்டார். இருபது ஆண்டுகளாக அணிலை அறிந்தவருக்கு அணிலின் அருமை அன்றுதான் தெரிந்தது. படித்த எனக்கு அணிலின் அருமை தெரியும். அது எந்தக் கிளையில் கடக்கும் என்பது தெரியாது. இந்த இரண்டு அறிவும் ஒரே இடத்தில் சேராமல் இருப்பதே நம் நாட்டுப் பாதுகாப்புப் பணியின் குறை என்று நான் கருதுகிறேன்.

இப்போது அந்தத் தோப்பு கைமாறும் என்கிறார்கள். அளவுச் சங்கிலியோடு வந்து அளந்து போயிருக்கிறார்கள். மனைகளாகப் பிரிந்தால் மரங்கள் நிற்கமாட்டா. அணிலைக் கொன்றால் சட்டம் தண்டிக்கும். பட்டா நிலத்து மரம் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் உரிமையாளர் மனத்தைப் பொறுத்தது. கடனுக்கு விற்பவரை நான் குறை சொல்லவும் முடியாது. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பத்து மரங்கள் போனால் மலைக்கும் கீழே உள்ள மற்றத் தோப்புகளுக்கும் இடையே இருந்த பாலம் அறுந்துபோகும். அப்பாவின் வேலையும் போகும். எந்த மரத்தில் கூடு இருந்தது என்று சொல்லவும் ஆள் இருக்கமாட்டார்.

நான் சொல்ல விரும்புவது

தோப்புக் காவல்காரர்கள் எல்லாரும் காப்பாளர்களா என்று சிலர் கேட்கலாம். இல்லை. தூங்கும் காவல்காரரும் உண்டு. திருடனோடு பங்கு போடுபவரும் உண்டு. அதுபோலவே பட்டமும் பதவியும் பெற்றவர்கள் எல்லாரும் காப்பாளர்களும் அல்லர். பழங்கோயிலின் கல்வெட்டுச் சுவரைச் சுத்தம் செய்கிறோம் என்று மணலை வேகமாகப் பாய்ச்சி எழுத்தையே மழுங்கடித்த வேலைகளும் நம் தமிழ்நாட்டில் நடந்திருக்கின்றன. செய்தவர்களின் எண்ணம் கெட்டது அன்று; கல்லின் இயல்பை அறியாத எண்ணம். ஆகவே பதவியை வைத்தோ கூலியை வைத்தோ காப்பாளரை அளக்கக் கூடாது. காக்கும் பொருளோடு நெடுநாள் உடனிருந்து அதன் இயல்பை அறிந்தவரா? தம் கையைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவரா? அடுத்தவரிடம் ஒப்படைக்கும் எண்ணம் உள்ளவரா? இம்மூன்றுக்கும் ஆம் என்ற விடை வருமானால் அவர் காப்பாளர். அருங்காட்சியகத்தில் வெண்கல நோய்க்கு மருந்திடுபவரும், கிளி கட்டுபவரும், கிளையை வெட்ட மறுப்பவரும் ஒரே இனத்தைச் சேர்ந்தவர்கள்.

இதனைக் கைதட்டலோடு விட்டுவிடாமல் நம் கல்லூரி சில காரியங்கள் செய்யலாம் என்பது என் வேண்டுகோள்.

முதலாவதாக, இராசபாளையம் முதல் திருவில்லிபுத்தூர் வரை மலையடிவாரத் தோப்புகளில் கூடு உள்ள மரங்களையும் அவற்றை இணைக்கும் கிளைவழிகளையும் குறிக்கும் ஒரு வரைபடம் தயாரிக்கலாம். தாவரவியல், விலங்கியல் மாணவர்களும் நாட்டு நலப்பணித் திட்டத்தாரும் வார விடுமுறைகளில் இதைச் செய்ய முடியும். தோப்புக் காவல்காரர்களும் பளியர் பெரியவர்களும் நமக்கு ஆசிரியர்களாக இருக்கட்டும். வரைபடத்தில் அவர்கள் பெயரும், அவர்கள் விரும்பினால், இடம்பெறட்டும்.

இரண்டாவதாக, அந்த வரைபடத்தோடு உரிமையாளர்களிடம் நேரில் போவோம். எல்லா மரமும் நிற்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமையில்லை. பாலமாக நிற்கும் வரிசையை மட்டும் விடுங்கள் என்று கேட்கலாம். மனையாகப் பிரித்தாலும் ஓரத்து வரிசை நிற்கலாமே. வனத்துறைக்கும் அதன் ஒரு படியைத் தரலாம். எது முக்கியமான மரம் என்று தெரியாமலே வெட்டப்படும் மரங்கள்தான் மிகுதி.

மூன்றாவதாக, நம் வேதியியல் துறை ஆண்டுக்கு ஒரு நாள் ஊர்மக்களுக்குப் பயன்படும்படி ஒரு கண்காட்சி வைக்கலாம். பழைய செப்புப் பாத்திரத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது, வீட்டுப் பரணில் ஏட்டுச் சுவடி இருந்தால் என்ன செய்யக் கூடாது, கல்வெட்டின்மேல் ஏன் சுண்ணாம்போ வண்ணமோ பூசக் கூடாது என்பவற்றை எளிய சோதனைகளோடு காட்டலாம். படித்தவர்கள் ஊருக்குச் செய்யக்கூடிய உதவி இது.

இவற்றுக்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். தறி நெய்பவர், பால் காய்ச்சிக் கோவா கிண்டுபவர், ஆடு மேய்ப்பவர், ஆலைத் தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகள் நாம். நம் வீடுகளில் உள்ள அறிவை விட்டுவிட்டு வருவதுதான் படிப்பு என்று நினைத்தோமானால், நாம் பெறுவதைவிட இழப்பதே அதிகமாகிவிடும். நம்மால் இரண்டு மொழியும் பேச முடியும். ஆய்வகத்தின் மொழியும் தெரியும். தோப்பின் மொழியும் தெரியும். இந்த வாய்ப்பு நமக்கு முன் இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

தோப்பு விற்கப்படுமா, மரங்கள் நிற்குமா என்பது இதை எழுதும் நாள் வரை முடிவாகவில்லை. அப்பா வழக்கம்போல் மாலையில் போகிறார், விடிந்தபின் வருகிறார். சென்ற ஞாயிறு நானும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் பின்னால் போனேன். பத்து மரங்களுக்கும் எண் கொடுத்து, எந்தக் கிளை எந்தக் கிளையைத் தொடுகிறது என்று வரைந்துகொண்டேன். பக்கத்தின் அடியில், தகவல் தந்தவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை எழுதி, அவரையே கையெழுத்துப் போடச் சொன்னேன்.

அடுத்த மாதம் உதவித்தொகைக்கான படிவம் வரும். அதிலும் "தந்தையின் தொழில்" என்ற கட்டம் இருக்கும். இந்த முறை நான் "காவல்" என்று எழுதுவேன்.